ஓசூர் வண்டிக்கு என்ன காகிதம்?

எங்க அம்மாவிடம் ஊரில் யாராவது "உங்க மகனுக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "புனேல சாப்பாட்டுக் கம்ப்யூட்டர் பாக்கிறான்" என்பார். எஸ்.ஏ.பி. என்பதை நம் ஆட்களில் பாதிப் பேர் 'சாப்' என்றுதான் சொல்கிறோம். அம்மா அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மூன்று எழுத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், சேர்த்துச் சொன்னால் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காது. இதை விருதுநகர் பஜாரில் நின்று அம்மாவுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை :-)

அம்மா சொல்வதிலும் தப்பில்லை. தொழிற்சாலைக்கு அது சோறு மாதிரிதான். சரக்கு வாங்குவது, ஸ்டோரில் வைப்பது, செய்வது, விற்பது, பில் போடுவது, வரி கட்டுவது எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடும். அது ஒரு மணி நேரம் நின்றால் கேட்டில் லாரி நிற்கும். நான் பதினேழு வருடமாக இந்த ஆணியைத்தான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், புனே பக்கம் சாக்கனில், வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில்.

2018-ல் பெங்களூருவில் நடந்த ஒரு எஸ்.ஏ.பி. தொழில்நுட்ப மாநாட்டில் பேசினேன். 'பேச அழைத்தார்கள்' என்று எழுத ஆசைதான். உண்மையில் நாம்தான் மனுப் போட வேண்டும். என்ன பேசப்போகிறோம் என்று பத்து வரியில் எழுதி அனுப்ப வேண்டும். யாரோ படித்துப் பார்த்து, பிடித்தால் 45 நிமிடம் தருவார்கள். பேசுகிறவருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மற்றபடி விமானம், தங்குவது எல்லாம் நம் பாடு, அல்லது நம் ஆபீஸ் பாடு. எங்கள் டேமேஜர், "டிக்கெட் தர்றேன், ஓட்டல் கிடையாது. பெங்களூர்ல உனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்கல்ல?" என்றார். தமிழனுக்குப் பெங்களூரில் சொந்தக்காரர் இருப்பார்கள் என்பது புனேக்காரர்கள் வரைக்கும் தெரிந்திருக்கிறது!

நான் எழுதிக் கொடுத்த விஷயம், ஜி.எஸ்.டி. மாறிய ராத்திரி.

2017 ஜூன் 30 வெள்ளிக்கிழமை. டெல்லியில் பாராளுமன்ற மைய மண்டபத்தில் நள்ளிரவு விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் சாக்கனில் சாயங்காலம் ஆறு மணிக்கே பில் போடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். எக்சைஸ், வாட், மத்திய விற்பனை வரி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, காலையில் புது வரியோடு சிஸ்டம் கண் விழிக்க வேண்டும். எஸ்.ஏ.பி.யில் இந்திய வரிக்கு இரண்டு முறை இருந்தன. ஒன்று டாக்சின்ஜே, இன்னொன்று டாக்சின்என். (பெயரைக் கேட்டாலே விஷம் மாதிரி இருக்கும். அனுபவித்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.) முதலாவது, வரியைச் சூத்திரம் வைத்துப் போடும் பழைய ஏற்பாடு. ஜி.எஸ்.டி.க்கு அது உதவாது, எல்லோரும் இரண்டாவதற்கு மாறியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடத்துப் பழக்கத்தை மாற்ற ஆறு மாதமாக மாரடித்திருந்தோம். விற்பனை பில் எல்லாம் சோதித்தாயிற்று. உள்ளூர் என்றால் இரண்டாகப் பிரித்து, வெளிமாநிலம் என்றால் ஒன்றாக, 28% சரியாக விழுந்தது. (அன்று உதிரி பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28. 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது.)

காலையில் மாட்டியது விற்பனை பில் இல்லை. எங்களுக்கு ஓசூரில் இன்னொரு தொழிற்சாலை. சாக்கனில் செய்கிற பாகத்தில் ஒரு பங்கு அங்கே போகும். சொந்த வீட்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் பாத்திரம் போகிற மாதிரி, அதை யாரும் விற்பனையாக நினைத்ததே இல்லை. பழைய காலத்தில் எஃப் படிவம் கொடுத்தால் விற்பனை வரி கிடையாது. ஜி.எஸ்.டி.யில் கதையே வேறு. கம்பெனி ஒன்றுதான், பான் எண் ஒன்றுதான், ஆனால் மகாராஷ்டிராவில் ஒரு பதிவு, தமிழ்நாட்டில் ஒரு பதிவு. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் தனித்தனி ஆட்கள். ஆகவே நமக்கு நாமே முழு பில் போட்டு, வரியும் கட்டி, ஓசூரில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இது ஒருவருக்கு முன்னாலேயே பட்டிருந்தது. எங்கள் டிஸ்பாட்ச் கிளார்க். ஐம்பத்தாறு வயது, தொழிற்சாலை முழுக்க அவரைக் 'காகா' என்றுதான் கூப்பிடும். மராத்தியில் காகா என்றால் அச்சு அசலாக நம் சித்தப்பா. ஜூன் நடுவில் நடந்த கூட்டத்தில் அவர், "ஓசூர் போற வண்டிக்கு ஒண்ணாந் தேதிலேர்ந்து என்ன காகிதம்?" என்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு வேலை செய்து கொடுத்த கன்சல்டிங் கம்பெனி அந்தக் கேள்வியைப் பட்டியலில் ஏற்றி, பக்கத்தில் 'முன்னுரிமை குறைவு' என்று எழுதிவிட்டது. மீட்டிங்கில் சத்தமாகப் பேசத் தெரியாதவர்களின் கேள்விக்கெல்லாம் அந்த வார்த்தைதான் கிடைக்கும்.

ஜூலை 1 காலை நாலு லாரி ஏற்றித் தயாராக நிற்கிறது. டெலிவரி போடலாம், பில் மட்டும் வர மாட்டேன் என்கிறது. சிஸ்டத்தில் ஓசூர் தொழிற்சாலைக்கு 'வாடிக்கையாளர்' என்ற அவதாரமே கொடுக்கவில்லை. அதைச் செய்து, விலை போடும் முறையை மாற்றி, சோதித்து ஏற்ற ஒன்றரை நாள் ஆகும். திங்கள் காலை சரக்கு போய்ச் சேராவிட்டால் ஓசூர் லைன் நிற்கும். லைன் நின்றால் எங்களிடம் வாங்கும் வண்டிக் கம்பெனியின் லைனும் நிற்கும். அதற்கு நிமிடக் கணக்கில் அபராதம். எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போக வேண்டும்.

எங்கள் பெரிய தலைகள் எல்லாம் போனில் கத்திக்கொண்டிருந்தபோது, காகா எங்கிருந்தோ கார்பன் பேப்பர் கொண்டு வந்தார். 2017-ல்! விதியை மராத்திப் பேப்பரில் படித்து வைத்திருக்கிறார். பில் எண் வரிசை அறாமல் வர வேண்டும், பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, தனி வரிசை வைத்துக்கொள்ளலாம். சரக்குக்கு மூன்று பிரதி, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று லாரிக்காரருக்கு, ஒன்று நமக்கு. கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. விரல் விட்டு எழுத்தை எண்ணி ஒரு புது வரிசை ஆரம்பித்து, ஒரு நீள நோட்டில் பதிந்து, பதினோரு பில்லைக் கையால் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கால்குலேட்டரில் 28% போட்டுச் சொன்னேன். பதினேழு வருட அனுபவத்தில் நான் செய்த மிக எளிய வேலை அதுதான். ராத்திரி ஒன்பதுக்குள் நாலு வண்டியும் கிளம்பியது.

(இன்றைக்கு இந்த வித்தை நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலைத் தாண்டிய கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் எல்லோருக்கும். அரசாங்க சர்வர் கொடுக்கும் 64 எழுத்து எண் இல்லாமல் அவர்கள் கம்பெனிகளுக்குப் போடும் பில் பில்லே இல்லை. கார்பன் பேப்பர் வைத்து என்ன செய்ய?)

இதைத்தான் மேடையில் சொல்ல நினைத்தேன். மனு தேர்வானதும், ஸ்லைடுகள் எங்கள் ஆபீஸ் சட்டப் பிரிவுக்குப் போயின. திரும்பி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கம்பெனி பெயர் போயிற்று, சரி. ரூபாய் கணக்குப் போயிற்று, அதுவும் சரி. 'கையால் எழுதிய பில்' என்பது 'மாற்று ஏற்பாடு' ஆகியிருந்தது. 'தாமதம்' என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு. காகாவின் நோட்டைப் படம் எடுத்து ஒரு ஸ்லைடு வைத்திருந்தேன், அதன் மேல் பெருக்கல் குறி. "கையால எழுதினோம்னா சிஸ்டம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம் ஆயிடும்" என்றார்கள்.

மூன்று வாரம் நடந்தேன். நோட்டை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சமிருப்பது வரி அமைப்பது எப்படி என்ற பாடம். அதைத் தயாரித்த கம்பெனியே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துக் காட்ட நான் எதற்குப் பெங்களூர் போக வேண்டும்? கடைசியில் எங்கள் நிதிப் பிரிவுத் தலைவி, ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அம்மணி, விதிப் புத்தகத்தில் 46-ஆம் விதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்லைடைப் பார்த்தார். "இதுல சட்டப்படி எது தப்பு? சரியாத்தான் எழுதியிருக்கார். என்னை விட நல்ல கையெழுத்து" என்று கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளர் பெயர், தொகை இரண்டையும் மறைத்துவிட்டு நோட்டு பிழைத்தது.

வீட்டில் ஒத்திகை. தங்கமணிக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட், ஆகவே கேட்க மாட்டிக்கொண்டது ஏழாவது படிக்கும் மகள். சாப்பாட்டு மேசை முன்னால் நிற்க வைத்துப் பேசச் சொன்னாள். முடித்ததும், "அப்பா, நீ 'பேசிக்கலி'ன்னு இருபத்திமூணு தடவை சொன்னே. காகா வர்ற இடத்துல மட்டும் ஒரு தடவைகூட சொல்லலே" என்றாள். மராத்தியும் தமிழும் கலந்து பேசுகிற பிள்ளை, காது மட்டும் கூர்மை.

புனேயிலிருந்து பெங்களூருவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அதை விட அதிக நேரம் விமான நிலையத்திலிருந்து ஜாலஹள்ளி சித்தப்பா வீட்டுக்குப் போக ஆனது. பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சித்தப்பா எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். 2016-ல் மத்திய அரசு அந்தக் கம்பெனியை மூட முடிவெடுத்தபோது, சொந்த வீட்டில் துக்கம் மாதிரி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று சித்தி சொல்வார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "எங்க, நாளைக்கு என்ன பேசப்போற, காமி" என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். முதல் பத்து ஸ்லைடு சிஸ்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பது. சித்தப்பா பொறுமையாகப் பார்த்தார். அவருக்கு அது புரியாது என்று நினைத்தால் ஏமாந்தோம். "நாங்க பின் கார்டுல எழுதுவோம். வந்தது, போனது, மிச்சம். அதைத்தானே சொல்ற?" என்றார். அதைத்தான் சொல்கிறேன். முப்பது வருடமாக உலகம் முழுக்கக் கோடி கோடியாகக் கொட்டிச் செய்வது அதைத்தான்.

லாரி விஷயம் பதினாறாவது ஸ்லைடில் வந்தது. அதற்கு அப்புறம் வரி அமைப்புகள், மறுபடி பாடம். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வண்டி கேட்ல நிக்குதுன்னு சொல்லிட்டு, நீ பாட்டுக்கு வேற என்னமோ பேசிட்டுப் போறியே. வண்டி போச்சா இல்லியா? அதைச் சொல்லாம வேற எது சொன்னாலும் எனக்கு ஏறாதுடா."

சட்டப் பிரிவு பார்த்து அனுப்பிய ஸ்லைடில் எழுத்தை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. வரிசையை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை! ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து, லாரியை முதலில் கொண்டு வந்து, பாடத்தைப் பின்னால் தள்ளினேன். சித்தி இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தார். காலையில் கிளம்பும்போது சித்தப்பா தன் ஜனதா வாட்சைச் சாவி கொடுத்துக் கையில் கட்டிவிட்டார். மேடையில் நின்று போனைப் பார்த்தால் மரியாதையாக இருக்காதாம்.

மாநாடு தும்கூர் ரோட்டில் உள்ள கண்காட்சி வளாகத்தில். அப்போது மெட்ரோ நாகசந்திராவோடு முடிந்துவிடும், அங்கிருந்து ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். (2024 நவம்பரிலிருந்து மாதாவரா வரை, வளாகத்து வாசலுக்கே போகிறது.) உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். எங்கே திரும்பினாலும் ஹானா, மெஷின் லேர்னிங், பிளாக்செயின். மென்பொருள் கம்பெனி ஆட்கள் பேசும் அரங்குகளில் முதலில் ஒரு சட்ட ஸ்லைடு போடுவார்கள்: இங்கே சொல்வதை நம்பி எதையும் வாங்க முடிவு செய்யாதீர்கள் என்கிற அர்த்தத்தில். உலகத்திலேயே நேர்மையான ஸ்லைடு அதுதான்.

என்னுடையது மதியம் இரண்டே கால் மணிக்கு. பிஸிபேளாபாத் உண்ட மயக்கம். நூற்றைம்பது நாற்காலி போட்ட அரங்கில் நாற்பது பேர். எதிர் அரங்கில் வெளிநாட்டுப் பேச்சாளர், அங்கே வாசல் வரை வரிசை. காலர் மைக் மாட்டிய பையன் தமிழ்ப் பையன், காதோடு, "சார், பின்னாடி உக்காந்தவங்க தூங்கத்தான் வந்திருக்காங்க, டென்சன் ஆகாதீங்க" என்று தைரியம் சொன்னான் :-)

இங்கிலீஷில் ஆரம்பித்தேன். எஸ்.ஏ.பி. எப்படிப் பிறந்தது என்று இரண்டு வரி. 1972-ல் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர். முதல் வாடிக்கையாளர் ஐ.சி.ஐ. கம்பெனியின் நைலான் ஆலை. சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது, வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ராத்திரியிலும் லீவு நாளிலும் உட்கார்ந்து எழுதினார்கள். அதனால்தான் இன்றைக்கும் நம் டேபிள் பெயரெல்லாம் ஜெர்மன் சுருக்கம், ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாத நாம் 'பெலெக்', 'கோப்ஃப்' என்று புழங்குகிறோம். ஆலையில், ராத்திரியில் பிறந்த சாமான் இது, நானும் ஒரு ஆலை ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நாலு லாரியைக் கொண்டு வந்து கேட்டில் நிறுத்தினேன்.

நோட்டுப் படம் திரையில் வந்ததும் கடைசி வரிசைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போன்கள் மேலே வந்தன. அதுவரை நான் காட்டிய ஒரு ஸ்லைடையும் யாரும் படம் எடுக்கவில்லை. அதற்கப்புறம் வரி அமைப்பைச் சொன்னபோது, பாடமாக இருந்தும் கேட்டார்கள். லாரி போன விஷயம் தெரிந்துவிட்டதே, இனி எதற்காக அமைக்கிறோம் என்று தெரியும்.

கேள்வி நேரத்தில் ஹைதராபாத்காரர் ஒருவர் எழுந்து, "அந்த கிளார்க்குக்குச் சிஸ்டத்தில் என்ன அதிகாரம் இருந்தது?" என்று கேட்டார். பார்க்க மட்டும், என்றேன். "இப்போது?" இப்போதும் பார்க்க மட்டும்தான். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அந்த 45 நிமிடத்தில் என்னைத் தைத்த கேள்வி அதுதான்.

வெளியே காபி மிஷின் பக்கம் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். "சார், தமிழ்ல கேக்கலாங்களா?" திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஐ.டி. பிரிவு, இரண்டே பேர். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார். அவர் பிரச்சினை ஜாப் ஒர்க். துணி நிட்டிங் போகும், டையிங் போகும், பிரிண்டிங் போகும். ஒவ்வொரு தடவை கேட்டைத் தாண்டும்போதும் ஒரு சலான். ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால் விற்றதாகக் கணக்கு. "ஆனாங்க சார், டையிங்லேர்ந்து துணி எங்ககிட்ட வராது, நேரா பிரிண்டிங் போயிரும். சிஸ்டத்துல வந்துட்டுப் போன மாதிரி காட்டோணும். நூறு கிலோ அனுப்புனா நூறு கிலோ வராதுங்க, எடை குறையும். சலான் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம்."

எனக்கு விடை தெரியாது. இரும்புச் சாமானுக்குச் சாயம் ஏற்றினால் எடை குறையாது. ஆனால் அவரிடம் விடை இருந்தது. ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். சாயப் பட்டறை போடும் லாட் எண்ணையே சிஸ்டத்தின் பேட்ச் எண்ணாக்கி, சலானில் ஏற்றி, துணி எங்கே போனாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போவது. எடை இழப்பை லாட் முடியும்போது ஒரே தடவையில் எழுதுவது. சரியா என்று கேட்க வந்திருக்கிறார், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு இடத்தில் இடித்தது, அதையும் அவரே சரி செய்தார். அடுத்த வருடம் இதை நீங்கள் வந்து பேசுங்கள் என்றேன். "மேடையில தமிழ்ல பேச முடியாதுங்களே சார்." நான் மட்டும் லண்டனிலா பிறந்தேன்? மனு எப்படி எழுதுவது என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். 2019-ல் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இருந்தது. அந்தத் தடவை எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, படம் அனுப்பினார். அரங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

புனே திரும்பியதும் செய்த முதல் வேலை, காகாவுக்குப் பில் போடும் அதிகாரம் கேட்டு விண்ணப்பம் போட்டது. பாதுகாப்புப் பிரிவு, தணிக்கைப் பிரிவு என்று சுற்றி நாலு மாதத்தில் கிடைத்தது. ஓசூர் பில்லுக்கு மட்டும்.

பெங்களூரு அரங்கில் திரை முழுக்கத் தன் நோட்டு நிற்கும் படத்தை டிஸ்பாட்ச் அறையில் அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஏழாவது பில்லில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தியிருந்தது தெரிகிறதே என்று வருத்தப்பட்டார். அப்புறம், "இந்த நோட்டை ஆடிட்டர் போன வருஷம் வாங்கிட்டுப் போனாரு, இன்னும் திருப்பித் தரலே. நீங்க பெரிய ஆளாயிட்டீங்களே, கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடுங்க. பின்பக்கம் இருபது தாள் வெத்தா இருக்கு" என்றார்.